மிச்சமிருக்கும் நட்சத்திரங்கள்

லீவுக்கு மம்சாபுரம் போனா, ராத்திரி மொட்டைமாடியில அம்மாச்சி பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்துக்குவேன். போன தடவை தெருவை எண்ணிப் பார்த்தேன். என் வயசுப் பசங்க ஒருத்தரும் இல்ல. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு போயாச்சு. மிச்சம் பெரியவங்கதான்.

வானத்துலயும் இப்படி ஒரு ஊர் இருக்குங்க. நம் பால்வீதியைச் சுற்றும் ஸ்கல்ப்டர் என்ற குட்டி விண்மீன் மண்டலம். புது நட்சத்திரம் பிறக்கத் தேவையான வாயு அங்கே தீர்ந்துபோச்சு. மிஞ்சியதெல்லாம் வயசானவை. அதுல ஆர்.ஆர். லைரே வகை நட்சத்திரங்களுக்கு வயது 1000 கோடி ஆண்டுக்கும் மேல். ஆனா சும்மா கிடக்கல. ஏறக்குறைய அரை நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்க, ஒளியும் கூடிக் குறையுது.

இந்த வகையில் எல்லாத்துக்கும் உண்மையான பிரகாசம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே வாட் பல்பு தள்ளிப் போகப்போக மங்கலாத் தெரியும்ல? அதே கணக்கு. மங்கலை அளந்தா தூரம் கிடைச்சிடும். ஸ்கல்ப்டர் சுமார் 2.8 லட்சம் ஒளியாண்டு.

ஒளி மாறும் நட்சத்திரம் நமக்குப் புதுசும் இல்ல. வேறு வகை ஒன்றை 1867-லேயே சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டுபிடிச்சிருக்கார்.

எல்லாத்தையும் அம்மாச்சிகிட்ட சொன்னேன். "அப்ப, கிழடுக அங்கன இருக்கப்போயிதான் எம்புட்டுத் தூரம்னு தெரியுதாக்கும்?"னு கேட்டுச்சு.

பெங்களூர்ல வேலை கிடைச்சதை அதுவரைக்கும் மறைச்சு வச்சிருந்தேன். அப்பதான் சொன்னேன்.

நீங்க ஊருக்குப் போன் போட்டு எத்தனை நாளாச்சு?