பெயரும் அதன் எல்லையும்

தமிழ் பயில்வோர்க்கும் கணிப்பொறி நிரலுக்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் உள்ளது. இணையப் பக்கம் அமைக்கக் கற்கப் புகும் மாணவர் பலர், 'செயற்கூறு' என்னும் பாடத்தை அடைந்ததும் அஞ்சிப் பின்வாங்குகின்றனர். அவ்வச்சம் வேண்டாததென்பதே யாம் இங்குச் சொல்ல வந்தது. அவர்களைத் தடுத்து நிறுத்துவது கணக்கன்று, பெயர்.

1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே எடுத்துக்கொள்வோம். அதில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். 'விலை' என்றொரு மாறிக்கு 100 என்னும் மதிப்பைத் தருகிறோம். பின்பு 'தள்ளுபடி' என்றொரு செயற்கூற்றை எழுதி, அதன் அளபுருவுக்கும் 'விலை' என்றே பெயரிடுகிறோம். செயற்கூறு அவ்விலையில் 10ஐக் கழித்து விடையைத் திருப்பித் தருகிறது. அதனை அழைத்தபின் வெளியிலுள்ள விலை எவ்வளவு? 90 என்பர் பலர். 100 என்பதே விடை. உள்ளே இருக்கும் விலை வேறு. வெளியே இருக்கும் விலை வேறு. ஒரே தெருவில் இரு செல்வங்கள் இருப்பதில்லையா? ஒரு வீட்டினுள் நின்று 'செல்வம்' என்றழைத்தால் அவ்வீட்டுப் பிள்ளையே வருவான். அங்கு அப்பெயரினர் இல்லாதபோதுதான் குரல் தெருவுக்குச் செல்லும். இதனையே வரையெல்லை என்பர்.

அளபுருவை நீக்கிவிட்டால் அக்குரலே வினையாகிறது. உள்ளே விலையைக் காணாத செயற்கூறு, வெளியிலுள்ள விலையையே பற்றிக் கழிக்கிறது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 90, மறுமுறை 80, பத்துமுறை அழுத்துவார்க்குப் பொருள் இலவசம்! கடைக்காரர் நிலை என்னாவது? அளபுரு இருந்தும் செயலுருபு கொடாமல் அழைத்தாலோ, அது மதிப்பின்றி நிற்கும். கழித்துவரும் விடை 'எண்ணன்று' என்றாகும்.

பட்டியலைச் செயலுருபாகத் தரும்போது விழிப்பு வேண்டும். உள்ளே அதில் ஒரு பொருளைச் சேர்த்தால் வெளியிலும் அது சேர்ந்தே தோன்றும். உள்ளே சென்றது பட்டியலின் படியன்று. அதனைக் காட்டும் சுட்டு.

சுட்டு என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயரை முற்கூறுக என்பது கிளவியாக்க விதி. செய்யுளில் மட்டும் சுட்டு முற்பட இடமுண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 'வார்' என்னும் சொல்லால் அறிவித்த மாறி இச்செய்யுள் நெகிழ்ச்சியை உடையது: அறிவிக்கும் முன்பே ஆண்டாலும் பிழையென்னாது, மதிப்பின்றி நிற்கும். 2015இல் வந்த 'லெட்' அதற்கு இடந்தராது; உடனே பிழை காட்டி நிறுத்திவிடும். 'வார்' செயற்கூறு முழுதும் உலவும். 'லெட்' தன்னைச் சூழ்ந்த நெளிவு அடைப்பைத் தாண்டாது. தொடக்க மாணவர்க்கு இக்கண்டிப்பே நன்று என்பது எம் கருத்து. பழைய நூல்களைக் கொண்டு பயில்வோர், 'வார்' வருமிடங்களில் 'லெட்' என மாற்றி இயக்கி, எவ்விடத்தில் பிழை காட்டுகிறதென நோக்குக.