மறுநாளும் வருவார்களா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல் துறை)

திருவிழாக் கடையின் ஆயுள் மூன்று நாள். தெருமுனைப் பெட்டிக் கடையின் ஆயுளோ முப்பது ஆண்டு. கூட்டத்தை மட்டும் எண்ணினால் திருவிழாக் கடையே வென்றது போலத் தோன்றும். ஆனால் ஊராரின் வாழ்வோடு கலந்து நிற்பது எது என்று கேட்டால், விடை சொல்ல எவரும் தயங்கமாட்டார். புதிதாக ஒரு சண்டை விளையாட்டு திரைக்கு வந்து, நாலு பேர் கூடுமிடமெல்லாம் அதைப் பற்றியே பேசும்போது எனக்கு இந்த எண்ணமே எழுகின்றது. இது மூன்று நாள் சரக்கா? அல்லது தலைமுறை தாண்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பாகம் பாகமாக வளரப்போகும் தொடரா?

கல்லூரி ஆண்டு மலரில் வீடியோ விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி தயாரிக்கும் ஒரு ரோலிங் மில்லில், லேத்தில் நிற்கின்றார். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனதால்தான் நான் காலையில் மின்ரயிலேறிக் கல்லூரிக்கு வர முடிகின்றது. அவள் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியில்தான் நானும் வகுப்பு நண்பர் இருவரும் ஓராண்டாக ஒரு விளையாட்டை உருவாக்கி வருகின்றோம். சிலம்பக் கம்பு பிடித்த இருவர் எதிரெதிரே நின்று மோதும் சண்டை விளையாட்டு அது. ஒரு நாள் இரவு அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரிடா, இது எத்தினி நாளைக்கு நிக்கும்?"

அவள் கேட்டது விளையாட்டைப் பற்றி மட்டும் அன்று. அவளுடைய சம்பளத்தில் நான் செலவழிக்கும் நேரத்தையும் சேர்த்தே கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கடைத்தெருவில் ஒரு பாடம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் கடைத்தெருவில் ஒரு கேம் கடை இருந்தது. இரண்டு பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள், இரண்டு பிளேஸ்டேஷன் பெட்டிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். அங்கே அதிகம் ஓடியது 'டெக்கென்'. ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள், முகத்தில் ஒட்டிய இரும்புத் தூசியோடு வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது, எங்களுக்கு ஒடியா தெரியாது. 'பையா' என்று மட்டும் அழைப்போம். எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் அவர் தினமும் தோற்பார். தோற்றவர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போவார். மறுநாள் அதே நேரத்தில், அதே நாற்காலியில், புதிதாக ஏதோ ஓர் அடியைக் கற்றுக்கொண்டு வந்து உட்காருவார்.

ஒரு சண்டை விளையாட்டின் ஆயுள் எங்கே இருக்கின்றது என்பதற்கு அதைவிட எளிய பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. வென்றவன் மறுநாள் வருவது பெரிதன்று. தோற்றவன் மறுநாள் வருகின்றானா என்பதே கேள்வி. ஆட்டம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவன் நினைத்தால் வரமாட்டான். தன் கைதான் தாமதித்தது, இன்னும் கொஞ்சம் பழகினால் வெல்லலாம் என்று நினைத்தால் வருவான்.

இந்த நியாயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் வினாடிக்கு 60 படங்களாக ஓடுகின்றன. ஒவ்வொரு குத்துக்கும் மூன்று கட்டங்கள்: கை கிளம்பும் நேரம், அடி படும் நேரம், கை பழைய நிலைக்குத் திரும்பும் நேரம். பலத்த குத்துக்குத் திரும்பும் நேரம் நீளும். அந்த இடைவெளியில் எதிராளி அடிக்கலாம். வலிமைக்கு விலை உண்டு என்பதுதான் இதன் அறம். சிலம்ப ஆசான் வாயால் சொல்வதைக் கணினி எண்ணால் சொல்கின்றது, அவ்வளவுதான்.

நிலைத்தவை எப்படி நிலைத்தன?

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' முதல் பாகத்தை வெளியிட்டது 1987-இல். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எவரும் நினைப்பது அந்தப் பாகத்தை அன்று; 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தையே. அதாவது உலகப் புகழ் பெற்ற இந்தத் தொடரை முதல் பாகத்தின் முதல் நாளன்று பார்த்து எவரும் எடை போட்டிருக்க முடியாது. இரண்டாம் பாகமும் ஒரே அச்சில் வார்த்து விடப்படவில்லை. 1992, 1993, 1994 என்று அடுத்தடுத்துத் திருத்திய பதிப்புகள் வந்தன. ஒருவனின் அடி அதிகம் என்றால் குறைத்தார்கள். ஒருவன் மந்தம் என்றால் விரைவு கூட்டினார்கள். ஓர் அடி முடியுமுன் அடுத்ததைக் கோக்கும் தொடர் அடி கூட, உருவாக்கியவர்கள் திட்டமிடாமல் வந்து சேர்ந்த ஒன்று. அதை அழித்துவிடாமல் விட்டுவைத்தார்கள். அதுவே பின்னர் இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் உயிர்நாடியாயிற்று.

மூன்றாம் பாகம் 1997-இல் வந்தது. நான்காம் பாகம் 2008-இல்தான். இடையில் பதினொரு ஆண்டுகள்! அந்த வெற்றிடத்தில் தொடரைக் காத்தவர்கள் யார்? விளையாடியவர்களே. 1996-இல் கலிபோர்னியாவில் சுமார் நாற்பது பேர் கூடி நடத்திய ஒரு போட்டி, பின்னர் 'இவோ' என்னும் உலகப் போட்டியாக வளர்ந்தது. அங்கே 2004-இல் ஜப்பானின் டைகோ உமெஹாரா, ஏறக்குறைய உயிரற்ற நிலையில், எதிராளியின் அடுக்கடுக்கான உதைகள் அத்தனையையும் தடுத்து வென்ற ஆட்டம் இன்றும் பேசப்படுகின்றது. அது அன்றைக்கே ஐந்து ஆண்டு பழைய பதிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கும் பதக்கம் வழங்கினார்கள். தங்கம் பெற்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44! சிறு வயதில் பிடித்த ஆட்டத்தை நாற்பது கடந்தும் ஒருவர் ஆட முடிகின்றதென்றால், அதுவன்றோ நிலைபேறு! அந்தப் போட்டியில் இந்தியாவின் சார்பிலும் இருவர் ஆடினார்கள்.

நமக்கு அண்டை நாடான பாகிஸ்தானின் லாகூரையும் நினைக்கின்றேன். அங்குள்ள சிறு சிறு விளையாட்டுக் கூடங்களில் பழகிய அர்சலான் ஆஷ் 2019-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த இவோ போட்டிகள் இரண்டிலும் டெக்கெனில் முதலிடம் பெற்று உலகை வியக்க வைத்தார். நம் கடைத்தெருக் கடையும் அப்படி ஒரு கூடம்தான். ஆனால் 2016-க்குப் பின் மலிவு விலை இணையம் வந்து, எல்லார் கையிலும் கைப்பேசி ஏறியபோது அது மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை இருக்கின்றது.

நம் நாட்டு முயற்சிகள்

இந்தியர் இந்தத் துறைக்குப் புதியவர் அல்லர். 1991-இலேயே ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கை கால் நீளும் 'தால்சிம்' என்னும் இந்திய யோகி இடம்பெற்றுவிட்டார். பிறர் ஆக்கிய ஆட்டத்தில் நாம் பாத்திரமாக நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாமே ஆக்கியது என்னவாயிற்று?

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில், பெங்களூரு என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் 'ஃபௌ-ஜி' வரப்போவதாக நடிகர் அக்ஷய் குமார் அறிவித்தார். நாற்பது இலட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்தனர். 2021 குடியரசு நாளில் ஆட்டம் வெளிவந்தது. களம் கல்வான் பள்ளத்தாக்கு. துப்பாக்கியின்றிக் கையாலும் தடியாலும் மோதும் சண்டை. 2020 ஜூன் 15 இரவு அங்கே உயிர்நீத்த 20 இந்திய வீரர்களில் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர் என்பதை நாம் மறக்க முடியாது. அந்த உணர்ச்சியோடுதான் பலரும் ஆட்டத்தைத் திறந்தார்கள்.

ஆனால் எதிரே நின்றவன் கணினி. ஆளுக்கு ஆள் மோத வழியில்லை. சில அடிகளைப் பழகிவிட்டால் மேற்கொண்டு கற்க அதிகமில்லை என்று ஆடியவர்கள் குறைப்பட்டார்கள். சில நாட்களிலேயே அவர்கள் இட்ட மதிப்பெண் சரிந்தது. அணிகளாகப் பிரிந்து மோதும் முறை பல மாதங்கள் கழித்தே வந்தது. 2025 ஜனவரியில் 'ஃபௌ-ஜி: டாமினேஷன்' வெளியானது, அது துப்பாக்கிச் சண்டை. பெயர் தொடர்ந்தது, கைச்சண்டை தொடரவில்லை. நாட்டுப்பற்று முதல் நாள் கூட்டத்தைக் கூட்டித் தரும். தோற்றவனை மறுநாள் அழைத்துவரும் வேலையை ஆட்டம்தான் செய்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை 'முஸ்தபா'. நம் அண்ணன்மார் காசு போட்டு ஆடிய அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. காப்காம் 1993-இல் வெளியிட்டது. அதில் வரும் ஒரு வீரனின் பெயரையே நம்மவர்கள் ஆட்டத்துக்குச் சூட்டிவிட்டார்கள். அவ்வளவு அன்பு! இருந்தும் அந்த ஆட்டத்துக்கு ஓர் இரண்டாம் பாகம் வரவில்லை. அது மார்க் ஷுல்ட்ஸ் என்னும் அமெரிக்க ஓவியரின் சித்திரக்கதையை ஒட்டி, உரிமம் பெற்றுச் செய்த ஆட்டம். வாடகை வீட்டுக்கு மாடி எழுப்ப முடியுமா? மக்களின் நினைவில் நிலைப்பது வேறு. தொடராக வளர்வது வேறு என்பதை முஸ்தபா எனக்குக் கற்பித்தான்.

லேத்து சொன்ன விடை

கடை மூடிவிட்டதால் நம் காலத்தில் எதிராளி இணையத்தின் மறுமுனையில் இருக்கின்றான். நான் ரயிலில் கவரைப்பேட்டை தாண்டும்போது சிக்னல் தடுமாறினால் குத்து தாமதமாகப் போய்ச் சேரும், நியாயம் குலையும். இதற்கு 2006 வாக்கில் டோனி கேனன் என்பவர் ஒரு வழி கண்டார். எதிராளியின் அடுத்த அசைவைக் கணினி ஊகித்து ஆட்டத்தை நடத்தும். ஊகம் தவறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்சென்று திருத்திக்கொள்ளும். இவோவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வழி கண்டவரே விளையாட்டுக்காரர் என்பதுதான் சிறப்பு.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏழாம் வகுப்பு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க மில்லுல கம்பி ஓட ஓட ரோல் காடி தேஞ்சிடும்பா. தேஞ்சா கம்பி அளவு மாறிடும். கழட்டி, லேத்துல போட்டுக் கடைஞ்சு, திருப்பி மாட்டணும். மொத கம்பி யாரு வேணா ஓட்டலாம். அளவு மாறாம ஓட்டறதுதான் மில்லு."

முப்பத்தைந்து ஆண்டுத் தொடர்களின் வரலாற்றில் நான் தேடியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தேய்ந்ததைக் கடைந்து மாட்டும் ஆள் இருக்கும்வரைதான் ஆட்டம் இருக்கும்.

ஆகவே அக்காவுக்கு என் விடை இது. ஒரு புதிய சண்டை விளையாட்டு நிலைத்த தொடராக முடியும். ஆளும் ஆளும் மோத வேண்டும். தோல்வி நியாயமாக இருக்க வேண்டும். உரிமை நம் கையில் இருக்க வேண்டும். விடாது திருத்துபவர் இருக்க வேண்டும். இந்த நான்கில் எதையும் முதல் நாள் கூட்டத்தைப் பார்த்து அறிய முடியாது. எங்கள் சிலம்ப ஆட்டத்தை வகுப்பு நண்பர் பதினொருவர் ஆடிப் பார்த்தார்கள். மறுவாரம் தாமாகவே கேட்டு வந்தவர்கள் நால்வர். அந்த நால்வரில் மூவர் முதல் முறை தோற்றவர்கள். "நாலு பேரா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு, "சரி, டிகிரி முடியறவரைக்கும் பாரு. ஆனா அரியர் வெச்சே, லாப்டாப்ப வாங்கிடுவேன்" என்றாள். எனக்குக் கிடைத்த கெடு அது, நியாயமான கெடு.

மாணவ நண்பர்களே! அந்தக் கெடுவுக்குள் எங்களுக்கு வேண்டியது பாராட்டன்று. வியாழக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் எங்கள் துறைப் பக்கம் வாருங்கள். கம்பெடுத்து ஆடுங்கள், தோற்றுப் பாருங்கள், எந்த அடி அநியாயமாகப் பட்டது என்று சொல்லுங்கள். குறித்துவைத்துத் திருத்துகின்றோம். மறு வியாழனும் வாருங்கள்.