நெய்வேலியிலிருந்து வேப்பூர் வரை: வாய் திறக்காத ஊரும், பேசித் தீர்த்த செல்போனும்

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது நிழல்தான். வெளியே கடலூர் மாவட்டத்து வெயில் மண்டையைப் பிளக்கும். ஆர்ச் கேட் தாண்டி உள்ளே போனால் சாலைக்கு இருபக்கமும் மரங்கள். தெருக்களுக்குத் தலைவர்கள் பெயர் இருந்தாலும் மக்கள் வாயில் வருவது எண்தான். "எந்த வட்டம்?" என்றுதான் கேட்பார்கள். 21ஆம் வட்டம், 28ஆம் வட்டம் என்று சொன்னால் ஆட்டோக்காரர் வேறு எதுவும் கேட்க மாட்டார்.

இந்த ஊர் ஒரு கிணற்றிலிருந்து பிறந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டபோது மண்ணோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல். அடுத்த ஆண்டே மின்சாரம் வந்துவிட்டது. இதற்கு நிலம் கொடுத்தவர்கள் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். கொடுத்த வலி இன்னும் ஆறவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. அதனால் 'மேலே இருப்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதே' என்பது இந்தப் பக்கத்தில் தாய்ப்பாலோடு வருகிற பாடம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

டவுன்ஷிப்புக்குள் ஒரு நடராஜர் கோயில் இருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சி மணி தொங்குகிறது, பக்கத்தில் மனுப் போடும் பெட்டி. குறையைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மணியை அடிக்கிறார்கள். வேறு எங்கும் கேட்க ஆளில்லை என்றால் சாமியிடமாவது எழுதிக் கொடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு. அந்தப் பெட்டியில் எத்தனை கதைகள் கிடக்குமோ!

நெய்வேலியில் வேலை ஷிஃப்ட் கணக்கில் ஓடும். பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் பைக்கிலும் பேருந்திலும் வந்து போவார்கள். செல்போன் இல்லாத காலத்தில் சுற்றுவட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் ஊருக்குள் வரும். யார் வீட்டில் கல்யாணம், எந்த ஏரி உடைந்தது, எங்கே வெட்டுக்குத்து என்பதையெல்லாம் சொல்கிறவரைப் பார்த்துக் கேட்கலாம். "நீ பார்த்தியா, கேள்விப்பட்டியா?" என்று மடக்கவும் முடியும்.

இங்கிருந்து மேற்கே விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம் வழியாகச் சேலத்துக்குப் போகிற சாலை இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டியில் வருகிற சாலை இல்லை. ஆனால் ஒரு கொலையைப் பற்றி ஓர் ஊர் எப்படிப் பேசும், எப்படிப் பேசாமல் இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இந்தச் சாலையில் ஒருமுறை போய்வரலாம்.

மந்தாரக்குப்பம் தாண்டியதும் சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடுகள் சின்ன மலை மாதிரி கூடவே வரும். பிறகு முந்திரித் தோப்புகள். செம்மண்ணில் தரையைத் தொடுவதுபோலக் கிளை பரப்பி நிற்கும். மணிமுத்தாறு வந்தால் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பேருந்திலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

விருத்தாசலத்தை ஒட்டி இருக்கிறது புதுக்கூரைப்பேட்டை. பெயர் உங்களுக்கு ஞாபகம் வரலாம். கண்ணகி-முருகேசன் வழக்கு என்று சொன்னால் உடனே வரும்.

முருகேசன் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த இன்ஜினீயரிங் பட்டதாரி. கண்ணகி அதே ஊர், வன்னியர் சமூகம். 2003 மே 5ஆம் தேதி கடலூர் பதிவு அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 8ஆம் தேதி, இருவரையும் பிடித்துவந்து சுடுகாட்டில் வைத்து விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். செய்தது பெண்ணின் சொந்தக் குடும்பம்.

நடந்தது ராத்திரி இருட்டில் ரகசியமாக இல்லை, ஊர் பார்த்திருக்கிறது. ஆனாலும் வெளியே ஒரு சத்தம் இல்லை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அதிலும் இரு தரப்பும் சேர்ந்து செய்ததுபோல் முருகேசன் தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். மகனைப் பறிகொடுத்தவர்கள் பக்கமே வழக்கு! 2004இல் உயர் நீதிமன்றம் சிபிஐயிடம் ஒப்படைத்த பிறகுதான் முடிச்சு அவிழத் தொடங்கியது. 2021 செப்டம்பர் 24ஆம் தேதி கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, அப்பா உட்பட 12 பேருக்கு ஆயுள். அந்த 12 பேரில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். கொலை நடந்து 18 வருடம் ஆகியிருந்தது. 2022 ஜூன் 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, இரண்டு பேரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்து, முருகேசன் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

ஆக, பார்த்தவர்கள் அத்தனை பேர் இருந்த ஒரு கொலையில் முழு உண்மையும் மேலே வர ஏறக்குறைய 22 வருடம். அந்த 2003இல் ஊரில் ஒருவர் கையில் இன்றைய போன் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு வீடியோ போதுமே என்று. அதற்கான பதில் இதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே இருக்கிறது.

விருத்தாசலம் தாண்டினால் முந்திரி குறைந்து மக்காச்சோளம், பருத்தி, உளுந்து என்று பயிர் மாறும். பெரும்பாலும் மானாவாரிக் காடுகள். மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற சனம். வேப்பூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை குறுக்கே வரும். வெள்ளிக்கிழமை விடியலில் இங்கே கூடுகிற ஆட்டுச்சந்தை பிரசித்தம். தீபாவளி, பக்ரீத் சமயத்தில் நிற்க இடம் இருக்காது.

இந்த வேப்பூர் பக்கத்து விவசாயக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 17 வயதுப் பெண், சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்தாள். 2022 ஜூலை 13ஆம் தேதி அவள் இறந்துபோனாள். பெயரை எழுதப்போவதில்லை, ஊரையும்தான். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட சிறாரை அடையாளம் காட்டக்கூடாது என்கிறது. அன்றைக்கு அந்தச் சட்டத்தை யார் மதித்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் குழந்தையின் முகம் அந்த வாரம் முழுக்க எல்லார் போனிலும் இருந்தது.

பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேள்வி கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? உடலை வாங்க மறுத்து நியாயம் கேட்டார்கள். அதுவரை அது ஒரு குடும்பத்தின் துக்கமாக, ஒரு கிராமத்தின் கோபமாக இருந்தது. பிறகு போன்கள் அதை எடுத்துக்கொண்டன.

எப்படி என்று எல்லாரும் பார்த்தோம். சிசிடிவி காட்சியை மெதுவாக ஓடவிட்டு, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, பின்னணியில் திகில் இசை சேர்த்து, "இதைக் கவனித்தீர்களா?" என்று ஒரு குரல். சம்பவ இடத்தைப் பார்க்காதவர், மருத்துவ அறிக்கையைப் படிக்காதவர், அந்த மாவட்டத்துக்கே வராதவர்கூட இன்னார்தான் கொலையாளி என்று அடித்துச் சொன்னார். கேட்டவர்கள் பத்து பேருக்கு அனுப்பினார்கள். அனுப்பினவர்களும் கெட்டவர்கள் இல்லை. பெண் குழந்தை வைத்திருக்கிற அம்மாக்கள், விடுதியில் தங்கை படிக்கிற அண்ணன்கள். பயமும் பாசமும்தான் அந்தச் செய்திகளை ஓட வைத்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவரைக் கேட்பதுபோல "நீ பார்த்தியா?" என்று கேட்க எதிரே ஒருவரும் இல்லை.

நாலே நாள்தான். ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆள் சேர்த்தார்கள் என்று போலீஸ் பின்னால் சொன்னது. கனியாமூரில் திரண்ட கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, போலீஸ் வாகனமும் எரிந்தது. பெஞ்சு, நாற்காலி, மின்விசிறி என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாணவர்களின் சான்றிதழ்களும் தீயில் போயின. அந்த மாணவர்கள் யார்? சுற்றுவட்டாரத்து விவசாயிகள் கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளைகள்.

அதற்கடுத்த நாட்களில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. தூக்கிப் போன சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லி ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். மின்னல் வேகத்தில் வந்த செய்தி கொளுத்திய தீயை அணைக்க, கடைசியில் தோலில் கட்டிய பறை வரவேண்டியிருந்தது. ஜனங்களும் பெஞ்சுகளைக் கொண்டுவந்து சாலையோரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

300 பேருக்கு மேல் கைதானார்கள். நிறைய பேர் இளைஞர்கள். இந்தப் பகுதியில் இதன் அர்த்தம் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பத் துடிக்கிற பிள்ளை, வாய்தாவுக்குக் கோர்ட் வாசலில் நிற்கிறான். அவனை "திரண்டு வா" என்று அழைத்த குரல் அடுத்த விவகாரத்துக்குப் போய்விட்டது.

வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்ற உத்தரவில் ஜூலை 19ஆம் தேதி இரண்டாவது பிரேதப் பரிசோதனை நடந்தது. அறிக்கைகளை ஜிப்மர் மருத்துவர் குழு ஆராய்ந்தது. ஆகஸ்ட் இறுதியில் பள்ளித் தரப்பினர் ஐந்து பேருக்கு ஜாமீன் கொடுத்தபோது, பாலியல் வன்கொடுமைக்கோ கொலைக்கோ ஆதாரமில்லை என்றது உயர் நீதிமன்றம். 2023 மே மாதம் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையும் கொலை இல்லை என்றே சொன்னது. பெற்றோர் அதை ஏற்கவில்லை. சட்டப்படி கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் இந்த விவரம் எதுவும் சிவப்பு வட்டம் போட்ட வீடியோ அளவுக்குப் பரவவில்லை என்பதை யாரும் தங்கள் போனையே எடுத்துப் பார்த்துச் சொல்லலாம். அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பியவர், குற்றப்பத்திரிகைச் செய்தியை அனுப்பினாரா?

ஜூலை 23ஆம் தேதி அந்தப் பெண்ணை அடக்கம் செய்தார்கள். போலீஸ் காவலோடு, வெளியாட்களுக்குத் தடை போட்டு. கிராமத்துச் சாவு என்றால் சுற்றுப்பட்டு ஊரே வந்து நிற்கும், பங்காளி மாமன் மச்சான் எல்லாம் தோள் கொடுப்பார்கள். அந்த வீட்டுக்கு அது நிம்மதியாக வாய்க்கவில்லை. ஊரெல்லாம் தூக்கிச் சுமந்த ஒரு மரணத்தில், சொந்த ஊர் சாதாரணமாக அழ முடியாமல் போய்விட்டது.

இப்படி நடப்பது இங்கே மட்டும் இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம் ஒன்று வழி கேட்டு நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று போனில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். நாடு முழுக்க இதேபோல் சாவுகள் விழவே, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. கனியாமூர் அதற்கு நாலு வருடம் கழித்து. கட்டுப்பாடு எவ்வளவு தடுத்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். கண்ணகி-முருகேசன் வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2022 ஜூன் 8. கனியாமூர் மரணம் ஜூலை 13. நடுவில் 35 நாள். கொலையை மூடி மறைத்ததில் போலீஸே குற்றவாளி என்று விருத்தாசலம் பக்கத்து ஜனங்கள் செய்தித்தாளில் படித்து மறந்திருக்கக்கூட மாட்டார்கள். அடுத்த மாதம் அதே போலீஸ் வந்து "விசாரிக்கிறோம், அமைதியாக இருங்கள்" என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்? அந்த அவநம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதை யூடியூப்பில் காசாக்கியவர்கள்தான் புதியவர்கள்.

வேப்பூர் நாலு ரோட்டில் இறங்கினால், அந்தப் பெண்ணின் கிராமத்துக்கு வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். கேமராவோடு எத்தனையோ பேர் கேட்டுப் போனார்கள். நான் கேட்கவில்லை. சந்தை கலைந்து, விற்காத ஆடுகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலம் பேருந்து வர இருபது நிமிடம் ஆகும் என்றார் பெட்டிக்கடைக்காரர். உட்கார ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.