வேண்டா ஒலி

கித்தார் உரத்து ஒலிக்கும் கருவி அன்று. மின்னிணைப்பு இல்லாத மரக்கித்தாரை வீட்டறையில் மீட்டி ஒலிப்பதிவு செய்யப் புகுவார், அதுகாறும் தம் செவி பொருட்படுத்தாதிருந்த ஓசைகள் அவ்வறையில் எத்துணை உள என்பதை அன்றே அறிவர். மனிதர் செவி வேண்டுவதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளும் இயல்பிற்று. மைக்கிற்கு அவ்வியல்பு இல்லை. தன்பால் வந்தன யாவற்றையும் ஒருபடித்தாக ஏற்கும்.

சென்ற கோடை விடுமுறையில், பாளையங்கோட்டையில் எம் பெரியப்பாவின் வாசிப்பைப் பதிவு செய்யும் பணி எம்மைச் சேர்ந்தது. அவர்க்கு வயது 71. தாமே அமைத்த மெட்டுகள் ஆறு உடையவர். ஒன்றையும் தாளில் எழுதி வைத்தாரல்லர். கீல்வாதம் அவர் விரல்களைப் பற்றிவிட்டது. இரண்டு மெட்டுகளை இனி மீட்ட இயலாதென்று அவரே கூறிவிட்டார். எஞ்சிய நான்கையேனும் காத்தல் வேண்டும். காலையில் விரல்கள் மடங்கா. நண்பகலுக்குமேல் அரைமணி நேரமே அவை சொற்படி கேட்கும். அந்நேரமோ வெயில் உச்சியில் நிற்பதும், தெருவில் ஆட்டோக்கள் ஓடித் திரிவதுமான நேரம்.

முதல்நாட் பதிவில் மூவகை ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து கிடந்தன: மணல் சொரிவது போன்ற இரைச்சல், வண்டு முரல்வது போன்ற தாழ்ந்த ரீங்காரம், விரல் நகருந்தோறும் எழும் கீச்சொலி. இவற்றைப் பின்னர்க் கணினியிலே துடைத்துவிடலாமே என்றார் நண்பர் ஒருவர். யாம் உடன்படவில்லை. இந்நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. மின்வழி வரும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளாகிய 100, 150 முதலியவற்றிலும் ஒலிக்கும். கித்தாரின் மிகத் தாழ்ந்த ஒலி, ஆறாந் தந்தியை அழுத்தாது மீட்ட எழும் 82 ஹெர்ட்ஸ். ஆகவே 50ஐ வெட்டி எறிந்தால் கருவிக்கு ஊறு இல்லை. 100ஐ வெட்டப் புகின் இடர் உண்டு. அதே தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ‘ஜி’ சுரம் 98 ஹெர்ட்ஸ் அன்றோ! நான்காந் தந்தியின் ‘டி’ சுரமும் 147இல், 150ஐ ஒட்டி நிற்கிறது. பெரியப்பாவின் மெட்டுகளுள் இரண்டு ‘ஜி’யையே ஆதாரமாகக் கொண்டவை. களை பறிக்கப் போய்ப் பயிரைப் பறித்த கதையாகும்.

ஆதலின் ரீங்காரத்தின் பிறப்பிடத்தைத் தேடினோம். மைக்கின் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம்; ரீங்காரம் நீங்கவில்லை. எனவே அஃது அறையினின்று வந்ததன்று என்பது தெளிவாயிற்று. பின்னர் மின்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிய கணமே வண்டு வாய் மூடிற்று. அது முதல் பதிவு முழுதும் பேட்டரியிலேயே நடைபெற்றது.

மணலிரைச்சல் வேறு வகை. இரண்டடித் தொலைவில் மைக்கை நிறுத்தி, மெல்லோசையை எட்டிப் பிடிக்கக் கெயினை மிக ஏற்றும்போது, கருவியின் உள்ளிரைச்சலும் உடனேறும். தொலைவை ஓரடியாகக் குறைத்தோம். தொலைவு பாதியானால் நேரே வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். அவ்வளவிற்குக் கெயினைத் தாழ்த்தலாம். கித்தாரின் வட்டத்துளைக்கு நேரே மைக்கை வைப்பின் ஒலி குடத்துக்குள் பேசினாற்போல் முழங்குமாதலின், பன்னிரண்டாம் ஃபிரெட்டை நோக்கி வைத்தோம். எம் மைக் பின்புறத்தே செவிடு போன்றது. அப்பின்புறத்தைத் தெருச்சன்னலுக்குக் காட்டினோம். சன்னலில் தொங்கவிட்ட கம்பளிகள் அறையின் எதிரொலியை அடக்கினவேயன்றிப் பேருந்தின் உறுமலைத் தடுத்தில. அதற்குக் காத்திருத்தலே மருந்து.

குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மீண்டும் இயக்க மறந்தால் பெரியம்மாவின் கோபத்திற்கு ஆளாக நேரும். ஆகவே எம் ஸ்கூட்டர்ச் சாவியை அப்பெட்டியினுள்ளேயே வைத்தோம். சாவியின்றி எங்குச் செல்வது? மின்விசிறியை ஒவ்வொரு மெட்டிற்கும் நான்கு நிமிடம் நிறுத்தி, இடையிலே ஓடவிட்டோம். அந்நான்கு நிமிடத்தில் அவர் நெற்றி வியர்வை கித்தாரின்மேல் சொட்டியதைக் கண்டு விட்டுவிடலாமா என்றோம். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

கீச்சொலியே எம்மைப் பெரிதும் வருத்தியது. தடித்த தந்திகளின்மேல் சுற்றிய உலோக இழையை விரல் உரசிச் செல்வதால் அது பிறக்கிறது. விரலை நன்கு தூக்கி வைப்பின் குறையும் என்பர். தூக்க இயலாத விரல்களுக்கு அதனை எங்ஙனம் கூறுவது? பூச்சிட்ட தந்திகள் வாங்கித் தருவோம் என்றோம். பழகிய தந்தியை மாற்ற அவர் இசையவில்லை. மைக்கை இடக்கையினின்று சிறிது விலக்கிக் கித்தாரின் உடற்பக்கம் திருப்பினோம். ஒலி ஓரளவு தணிந்தது. அவர் மூச்சும் கேட்டமையால் மைக்கை இன்னும் தாழ்த்தினோம். “மூச்சையும் நிறுத்திக்கொள்ள வேண்டுமோ, தம்பி?” என்று நகைத்தார்.

கணினித் துடைப்பை முற்றும் ஒதுக்கினோமல்லோம். ஒவ்வொரு பதிவின் முன்னும் சில நொடி வெற்றறையைப் பதிந்து வைத்தோம். ஆடாசிட்டி போன்ற மென்பொருள் அப்பகுதியைக் கொண்டே இரைச்சலின் தன்மையை அறிந்து குறைக்கும். மிகுதியாய்ப் பயன்படுத்தின் சுரம் நீருக்குள் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். தந்தியின் ஓசை தேய்ந்து மறையும் அழகும் போய்விடும். ஒரே மெட்டில், மிகச் சிறிதளவே பயன்கொண்டோம்.

ஐந்து நாட்களில் மூன்று மெட்டுகள் முடிந்தன. ஆறாம் நாள் நான்காவதை வாசித்தார். மெட்டு முடியுந்தறுவாயில், இரு சுரங்களுக்கிடையே, தெருவில் ஓர் ஆட்டோவின் ஹாரன் ஒலித்தது. மறுமுறை வாசிக்க முயன்றார், விரல்கள் இணங்கவில்லை. மறுநாளும் இணங்கவில்லை. ஹாரனை வெட்டினால் அதனோடு முந்தைய சுரத்தின் தேய்வும் போகும். அவரைக் கேட்டோம். ஹெட்போனை அணிந்து இருமுறை கேட்டுவிட்டு, “இருக்கட்டும்” என்றார். அவ்வாறே வைத்திருக்கிறோம்.