பிரேக் பிடிக்கத் தெரிந்த ஷூ!

மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவன் நான். நல்ல டிரைவர் என்றால் வண்டி நின்றதே தெரியாது. இல்லையென்றால் முன்னால் நிற்பவர் முதுகில் என் மூக்கு!

பவர்பாயிண்ட்டும் அப்படித்தான் சார். 'ஃப்ளை இன்' கொடுத்தால் அரை விநாடியில் ஷூ படம் பாய்ந்து வந்து படக்கென்று நிற்கும். நேரத்தை 1 விநாடியாக்கி, 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸி'ல் 'ஸ்மூத் எண்டை' அரை விநாடிக்கு இழுத்துப் பாருங்கள். வேகம் தணிந்து, பதவிசாக வந்து உட்காரும். எடையுள்ள எதுவும் மெல்லக் கிளம்பி மெல்லத்தானே நிற்கும்? டிஸ்னி ஓவியர்கள் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய புத்தகத்தில், அனிமேஷனின் 12 விதிகளில் இதுவும் ஒன்று.

'பவுன்ஸ் எண்ட்' மட்டும் வேண்டாம். தோல் ஷூ ரப்பர் பந்தாகக் குதித்தால் பையர் சிரிப்பார். ஆர்டர் போடுவாரா? அதை நம்பி தையல் மிஷின் முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்!