ஏரியிலும் முறை, வீட்டிலும் முறை

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பேருந்து திருப்பாலைவனத்தில் நின்று ஆளேற்றிக்கொள்கிறது. பாலை மரத்தில் வெளிப்பட்டவர் என்று ஊரார் சொல்லும் திருப்பாலீஸ்வரரின் கோயில் இங்கேதான். அதைத் தாண்டினால் காற்றில் உப்பு ஏறுகிறது. பிறகு கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. தூரத்தில் பூநாரைகள் வரிசை கட்டி நிற்க, இப்பால் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் குனிந்து, பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. விரல்தான் கண்.

டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஊர் பழவேற்காடு. கோட்டை இன்று இடிபாடு. கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் இருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது பாடு என்னும் ஏற்பாடு. ஏரியில் இறால் விழும் இடங்கள் சிலதான். அவற்றில் யார், என்றைக்கு சுத்து வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களுக்கு இது வழிவழி வந்த உரிமை. நல்ல இடம் யாருக்கும் சொந்தமில்லை. கெட்ட இடமும் யார் தலையிலும் நிரந்தரமாக விழுவதில்லை.

அதே முறையை ஒரு வீட்டுக்குள்ளும் பார்த்தேன். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகும் செவிலியர் ஒருவர் என்னையும் கூட்டிப்போனார். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த வேலையும் அடக்கம். குப்பத்து வீடு. பக்கவாதத்தில் விழுந்து வருடக்கணக்காகப் படுத்திருக்கும் பெரியவர். உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை.

“மாமாவுக்கு ராவுல இடுப்பாண்ட கொஞ்சம் சூடா இருந்துச்சு சிஸ்டர்” என்றார் மருமகள்.

செவிலியர் புறங்கையை வைத்துப் பார்த்தார். சிவப்பான தோலில் கன்றியது உடனே தெரியும். நம் கறுத்த தோலில் நிறம் ஏமாற்றிவிடும். சூடு, கடினம், வலி இவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, முதுகுத்தண்டின் அடி, இடுப்பின் பக்கம், குதிகால் என்று விரல் நகர்ந்தது. எலும்பு தோலுக்கு நெருங்கி நிற்கும் இடங்கள். கல்லறை வாசலில் துருத்திக்கொண்டு தெரிந்த அதே எலும்புகள்.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தசை நசுங்கினால் ரத்தம் ஓடாது. மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் தசை செத்துப்போகும். சிறுநீரின் ஈரமும், ஆளைத் தரதரவென்று இழுப்பதும் அதை விரைவாக்கும். அதனால் இந்த வீட்டில் யாரும் பெரியவரை இழுப்பதில்லை. பழைய பருத்திப் புடவையை மடித்து அடியில் விரித்து, இரண்டு பேராகத் தூக்கி நகர்த்துகிறார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும் என்று, முதுகுக்கு அணை கொடுத்து அரைச்சாய்வாக வைக்கிறார்கள். கடற்கரை மணல் விரிப்பில் ஏறாமல் அடிக்கடி உதறுகிறார்கள். கன்றிய இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, காற்று வளையத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதும் மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. மதியத்துக்கு முள் நீக்கிய மடவை மீன். தோல் தாங்கப் புரதம் வேண்டும்.

சுவரில் கரியால் எழுதியிருந்தது: இடது, மல்லாக்க, வலது. இரவு பத்து மணிக்கு மருமகள், பன்னிரண்டுக்குப் பேரன், இரண்டுக்குக் கடலுக்குக் கிளம்பும் மகன், நாலுக்குப் பாட்டி. “பாடு மாதிரிதான். அவங்கவங்க முறைய அவங்கவங்க பாத்துக்கணும்” என்று மகன் சிரித்தார்.

இந்த இரண்டு மணிக் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவட நோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், இரவென்றும் பகலென்றும் பாராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பச் சொல்லிப் பலரைப் பிழைக்க வைத்தார். அதுவரை படுக்கைப்புண்ணில் சீழ் பிடித்துச் சாவதே அவர்களுக்கு வழக்கமாக இருந்தது. காற்று மெத்தை இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். திருப்புவதை நிறுத்த முடியாது.

நான்கு பேர் இருப்பதால்தான் இந்த வீட்டில் நான்கு முறை. பிள்ளைகள் வெளியூரில், கிழவியும் கிழவனும் மட்டும் என்றால் யார் எழுந்திருப்பது? செவிலியர் வந்து சொல்லிக்கொடுக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அவரால் வர முடியாது. நகரத்து முதியோர் இல்லங்களுக்கும் இதே கணக்குத்தான். சேர்க்கப் போகிறவர்கள் அறையையும் கட்டிலையும் மெத்தையையும் பார்க்கிறார்கள், கட்டணத்தைக் கேட்கிறார்கள். ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், கடைசியாகத் திருப்பிய நேரம் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், மெத்தை எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.