தாழ்ந்த வாசற்படி



ஊழியத்திற்கு வருமுன் நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சில்லு வடிவமைப்பு கற்பித்தேன். வகுப்பில் பாதிப்பேர் மின்னணுவியல் படித்தவர்கள். மீதிப்பேர் கணினி அறிவியல் மாணவர்கள். டிரான்சிஸ்டரின் இயற்பியல் அறியாதவர்களுக்காக நான் ஒருநாளும் நின்று விளக்கியதில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவி பாடத்தை விட்டே விலகினாள். காரணத்தை நான் கேட்கவும் இல்லை.

பின்னரே லின் கான்வேயைப் பற்றி வாசித்தேன். 1978-இல் எம்.ஐ.டி.யில் அவர் நடத்திய வகுப்பிலும் இவ்விரு சாராரும் கலந்திருந்தனர். அவரும் கார்வர் மீடும் வகுத்த விதிகளில், கம்பிகளின் அகலமும் இடைவெளியும் 'லாம்டா' என்னும் ஒரே அளவின் மடங்குகளாயின. உற்பத்திக்கூடத்தின் நுணுக்கம் அறியாதவரும் அவற்றைப் பற்றிக்கொண்டு வரைய முடிந்தது. மாணவர்களின் வரைபடங்கள் அர்ப்பாநெட் வழியே கலிபோர்னியா சென்று, சில வாரங்களில் மெய்யான சில்லுகளாகத் திரும்பின. கை ஸ்டீல் என்னும் மாணவர் ஒரு லிஸ்ப் செயலியையே வடிவமைத்திருந்தார்.

பாடத்தின் ஆழம் குறையாமலே கான்வே வாசற்படியைத் தாழ்த்தினார். நானோ படியை உயர்த்திவிட்டு, ஏற இயலாதவளைத் தகுதியற்றவள் என்று எண்ணினேன்.

பிரியமானவர்களே, இவ்வாரம் நீங்கள் யாருக்கேனும் எதையேனும் கற்பிக்கையில், பின்வரிசையில் மௌனமாயிருப்பவரிடம், "எந்த இடத்தில் புரியாமற்போயிற்று?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.